வண்டு போகிற நேரம்

எனக்கு முப்பது வயதானபோது, ஜுருவில் கார் விற்கும் கடையொன்றில் வேலை பார்த்த ஒரு பெண் எனக்குக் கடிதம் போட்டாள். நான் வேலை முடிந்து வருவதற்குள் பெரியக்கா அதைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்து, உறையைக் கிழித்து, படித்து, சிவப்புப் பேனாவால் நாலு இடத்தில் திருத்தி, பழையபடி மடித்து, என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

“நல்ல பொண்ணாதான் தெரியுது. இங்கிலீஷ்தான் கொஞ்சம் வீக்லா,” என்றாள்.

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. பதிலையும் அவள் திருத்துவாள் என்ற பயம் பாதி. அந்தப் பெண்ணின் ஆங்கிலம் எனக்கும் உறுத்தத் தொடங்கிவிட்டது என்பது மீதி. இதை நினைத்தால் இன்றைக்கும் பெரியக்காமேல் எரிச்சல் வருகிறது, என்மேல் அதைவிட அதிகமாக வருகிறது. அந்தப் பெண் அடுத்த வருஷமே வேறு யாரையோ கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் குடும்பம் அப்படி. வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி இந்த மலாய்க்காரர் நாட்டுக்குக் கிராணி வேலைக்கென்று, ஆபீஸ் குமாஸ்தாக்களாக, வந்தவர்களின் வழி நாங்கள். தாத்தா ரயில்வேயில் கிராணி, அப்பா துறைமுகத்தில் கிராணி, பெரியக்கா அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிராணி. எங்களுக்குக் கடையும் கிடையாது, நிலமும் கிடையாது. டிராஃப்ட் எழுதத் தெரியும். மேலே இருப்பவன் மறுக்க முடியாதபடி ஒரு விண்ணப்பம் எழுதுவதுதான் எங்கள் வீட்டுப் பெருமை. ஞாயிற்றுக்கிழமையானால் ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டுக்கு ஆட்கள் தாளோடு வருவார்கள். லைசென்ஸ் வேண்டும், பென்ஷன் வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும். பெரியக்கா ஒரு காசு வாங்கியதில்லை. கேட்பவன் யார், கேட்பது நியாயமா என்று விசாரித்ததும் இல்லை. வாக்கியம் நிற்கிறதா, அவ்வளவுதான் அவள் பார்ப்பாள்.

அம்மா அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பெரியக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த சின்னக்கா யாழ்ப்பாணத்தில் இருந்தாள். எழுபதுகளின் கடைசியில் அவளை அங்கே கட்டிக்கொடுத்தார்கள். ஊரிலிருந்து மாப்பிள்ளை எடுப்பதும் ஊருக்குப் பெண் கொடுப்பதும் அப்போது எங்கள் ஆட்களிடம் சாதாரணம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். சம்பந்தக் கடிதங்களை எல்லாம் எழுதியது பெரியக்காதான். அந்தக் கடிதங்களைப் பார்த்துத்தான் சம்மதித்தோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதை இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தாள். வாரம் ஒருமுறை ஐஸ் கச்சாங் தின்னாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பெண்ணைக் கொண்டுபோய் அங்கே விட்ட கடிதங்கள் அவை.

பிறகு அங்கே சண்டை வந்தது, ஓயவே இல்லை. சின்னக்காவின் கடிதங்கள் கொழும்பில் தெரிந்தவர்கள் கைமாறி, இரண்டு மூன்று மாதம் கழித்து எங்களுக்கு வரும். நான் சத்தமாக வாசிப்பேன், பெரியக்கா கேட்பாள். வாசித்து முடித்ததும் கையை நீட்டி வாங்கி, சிவப்புப் பேனாவைத் திறந்து, ஒரு பிழை விடாமல் திருத்துவாள். திருத்திய கடிதத்தை எங்கள் பதிலோடு சேர்த்து உறையில் போட்டுத் திருப்பி அனுப்புவாள். சின்னக்கா பத்து வயதில் கட்டுரை எழுதிக் காட்டிய நாளிலிருந்து இவர்களுக்குள் இது வழக்கம். ஷெல் விழுகிற ஊரிலிருந்து குப்பிவிளக்கு வெளிச்சத்தில் எழுதிய கடிதம், சிவப்பு மையோடு அதே ஊருக்குத் திரும்பிப் போகும். எனக்குக் கேவலமாக இருக்கும். ஒருமுறை சொல்லியும் பார்த்தேன்.

“அவ எழுதுறத மறந்துடக்கூடாது. நான் திருத்தலன்னா, அக்கா என்னைய மறந்துட்டாங்கன்னு நெனைப்பா,” என்றாள் பெரியக்கா.

தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஒரு கடிதத்தில்தான் வண்டைப் பற்றி முதலில் படித்தேன். இத்தனை வருஷத்தில் சின்னக்காவின் எழுத்து முழுக்க அந்த ஊர்ப் பேச்சாகவே மாறியிருந்தது.

“நாங்கள் இடம்பெயர்ந்து வந்திருக்கிற இந்த ஊரில இப்ப வண்டு வருது. ஆளில்லாத பிளேன். உயரத்தில நிண்டு இரையும், கண்ணுக்குப் பிடிபடாது. அது பாத்ததெண்டால் கொஞ்சத்தால அந்த இடத்துக்கு ஷெல் வரும். ஆனா அதுக்கும் எண்ணெய் முடியும்தானே. பின்னேரம் நாலு மணிக்குப் போயிடும். சத்தம் நிண்டதும் ஊரே வெளியில வரும். தண்ணி அள்ள, குளிக்க, அடுப்பு மூட்ட, ஆடுகளை அவிழ்த்துக் கட்ட. அதை நாங்கள் எங்கட நேரம் எண்டு சொல்லுறது.”

பெரியக்கா வழக்கம்போலத் திருத்தினாள். நான் வழக்கம்போல முகத்தைச் சுளித்தேன். கடிதம் திரும்பிப் போனது.

அப்போது நான் பாயான் லெப்பாஸில் ஒரு கிலாங்கில் வேலை பார்த்தேன். ஃபேக்டரிக்கு இங்கே கிலாங் என்றுதான் பெயர். தலைமை அலுவலகம் வெள்ளைக்காரன் தேசத்தில். கேமராவுக்குப் பின்னால் உட்காரும் சர்க்யூட் போர்டுகள் செய்தோம். கீழே நூற்றுக்கணக்கான பெண்கள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு இருப்பார்கள். மேலே குளிர் அறையில் நான் தாள்களைப் பார்த்துக்கொள்வேன். அந்தக் கேமராக்களில் ஒரு வகை ஆளில்லாத வேவு விமானங்களுக்குப் போகிறது என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். ஆனால் இராணுவம் என்ற வார்த்தையை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். கஸ்டமர் என்போம். கஸ்டமர் நல்ல வார்த்தை, அதற்கு முகமே கிடையாது.

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார். அந்த விமானத்தை மேம்படுத்தப் போகிறார்கள், அதற்கான போர்டைப் புதிதாகச் செய்ய ஒரு கிலாங்குக்குத்தான் தலைமை அலுவலகம் பணம் ஒதுக்கும், மூன்று நாட்டுக் கிலாங்குகள் போட்டியில் இருக்கின்றன என்றார். புது லைன், புது சோதனை அறை, இருநூறு பேருக்கு வேலை. விண்ணப்பத்தை எழுத வேண்டியது நான். இரண்டு வாரம் கெடு.

போர்டை வடிவமைத்த இன்ஜினியர் சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து படித்து முன்னுக்கு வந்த தமிழன், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். அவன்தான் கேன்டீனில் உட்கார வைத்து விளக்கினான்.

“இப்ப உள்ள போர்டு சூடாவுதுண்ணே. கரண்ட்ட குடிக்குது. அத குளிர வைக்க ஒரு சாமான், அதுக்கு ஒரு பேட்டரி, எல்லாம் வெயிட்டுலா. நம்ம புது போர்டு சூடாவாது. அந்த வெயிட்டுக்கு எண்ணெய் ஊத்தலாம். அரை நாள் நிக்கிறது ராப்பகலா நிக்கும்.”

இதை அப்படியே எழுதினேன். எத்தனை கிராம் குறையும், எத்தனை வாட் மிச்சம் என்று பத்துப் பக்கம். மேனேஜர் படித்துவிட்டு முதல் பக்கத்தின் குறுக்கே பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டு என் மேசையில் எறிந்தார். பணம் கொடுப்பவனுக்கு இதில் என்ன இருக்கிறது, இதைப் படித்தால் அவன் தூங்கிவிடுவான் என்று எல்லோரும் கேட்கும்படி கத்தினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று தலைமுறைக் கிராணிக் குடும்பம், எழுதத் தெரியவில்லை என்று ஒருத்தன் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

அந்தக் கோபத்தில்தான் அதை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் பெரியக்கா உட்கார்ந்தாள். பத்துப் பக்கத்தையும் ஒருமுறை படித்தாள். கடைசிப் பக்கத்தில், எந்த நாட்டுக் கஸ்டமருக்குப் போகிறது என்பது பின்னர் அறிவிக்கப்படும் என்று நான் எழுதியிருந்த வரியில் பேனா நின்றது.

“யாருக்கு இது?”

“ஆர்மிக்கு.”

“எந்த ஆர்மி?”

“தெரியாதுக்கா. எங்களுக்குச் சொல்லமாட்டாங்க.”

“தெரியாதத எழுதாதே. டிராஃப்ட்டு அங்கதான் ஓட்ட விழும். படிக்கிறவன் நின்னு யோசிப்பான்,” என்று சொல்லி அந்த வரியை ஒரே கோட்டில் அடித்தாள்.

எந்தப் படை என்று உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டிய ஒரே இடம் அது. எங்கள் வீட்டில் அது டிராஃப்ட்டின் குறையாகத்தான் தெரிந்தது. அடித்ததும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“கிராமும் வாட்டும் இருக்கட்டும். இது ரொம்ப நேரம் நின்னா என்ன லாபம்? அத சொல்லு.”

நான் யோசிக்கவே இல்லை. கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் வந்தது. “இப்ப அது எப்ப போவும்னு கீழ உள்ளவனுக்குத் தெரியும்க்கா. போற வரைக்கும் உள்ள இருப்பான். போனதும் வெளிய வந்து வேலைய முடிச்சுக்குவான். இனிமே அது போவாது. அவனுக்கு அந்த நேரமே கெடைக்காது.”

பெரியக்கா ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்து, என் முதல் பக்கம் முழுவதையும் அடித்துவிட்டு, மேலே ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: இன்று, கண்காணிக்கப்படுபவர்கள் விமானம் திரும்பும் நேரத்தை அறிந்து அதற்காகக் காத்திருக்கிறார்கள். அந்த நேரம் அவர்களுடையது. இந்த நிதி, அந்த நேரத்தை அவர்களிடமிருந்து எடுத்துவிடும்.

“இதுக்குமேல ஒண்ணும் வேணாம்,” என்றாள்.

வேண்டியிருக்கவில்லைதான். ஆறு வாரத்தில் பணம் எங்களுக்கு என்று முடிவாகி வந்தது. அந்த மூன்று வரியைத் தலைமை அலுவலகத்தில் திரையில் போட்டுக் காட்டினார்களாம். என்னைப் பார்த்துக் கத்திய மேனேஜர் என் தோளில் கைபோட்டு கேன்டீன் முழுக்கக் கூட்டிப் போனார். பிரியாணி போட்டார்கள், கேக் வெட்டினார்கள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது, பழைய கெரேட்டா ஒன்று வாங்கி, காரில் வேலைக்குப் போகத் தொடங்கினேன். பெரியக்கா தண்ணீர்மலைக் கோயிலில் பார்த்தவர்களிடம் எல்லாம், தம்பியின் டிராஃப்ட் வெள்ளைக்காரனையே அசத்திவிட்டது என்று சொல்லித் திரிந்தாள். திருத்தியது தான் என்பதைச் சொல்லாமல் சொல்லும் ஒரு சிரிப்பு இருக்கும் அவளிடம். நானும் வெட்கமில்லாமல் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்துச் சின்னக்காவின் கடிதம் ஒன்று வந்தது. அதற்கு முன் வெகுநாளாக ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம், அதே மேசை. ஒரே தாள்தான், நான் எப்போதும்போல வாசிக்கத் தொடங்கினேன்.

“அக்கா, தம்பி, அத்தான் செத்துப்போனார். இண்டைக்கு முப்பத்தியொண்டாம் நாள் காரியம் முடிஞ்சுது. முந்தின வண்டு இல்லை இப்ப வாறது. இது போறேல்லை. விடியவும் நிக்குது, இரவும் நிக்குது. அண்டைக்குப் பின்னேரம் காத்துக்குச் சத்தம் கேக்கேல்லை. வண்டு போயிட்டுதாக்கும், எங்கட நேரம்தானே எண்டு ஆட்டை அவிழ்க்க வெளிக்கிட்டவர். அது மேலதான் நிண்டிருக்கு. நான்தான் அக்கா சொன்னனான், நாலு மணி ஆச்சு, போங்கோ எண்டு.”

இதற்குமேல் என்னால் வாசிக்க முடியவில்லை. பெரியக்கா கையை நீட்டி வாங்கி, மீதியைத் தானே படித்தாள். பழக்கத்தில் இன்னொரு கை பேனாவைத் திறந்து வைத்திருந்தது. அதை மூடினாள்.

“அக்கா, இது நம்ம எழுதுனது,” என்றேன்.

“எது?”

“பணம் கேட்டோமே, அது.”

“ஒலகத்துல எத்தன கிலாங் இருக்கு. ஒங்க போர்டுதான்னு ஒனக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“அப்ப வாய மூடு.”

எனக்கு வெறி வந்துவிட்டது. மேசையில் ஓங்கித் தட்டினேன். “போர்டு யாருதாவும் இருந்துட்டுப் போவட்டும். அந்த வாக்கியம் யாருது? கீழ உள்ளவன் நேரம் பார்த்து வெளிய வருவான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன பட்டாளத்துல இருந்தேனா? இவ எழுதிப் படிச்சேன். இதே மேசையில படிச்சேன், நீயும் கேட்ட. இவ உயிரப் பிடிச்சுக்கிட்டு இருந்த நேரத்தக் காட்டிக் குடுத்துட்டு, பிரியாணி தின்னுட்டு வந்தேன்.”

பெரியக்கா கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்தாள். “அன்னைக்கே எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. வாக்கியம் நல்லா வந்துச்சா, விட்டுட்டேன்.”

அவளை அந்த நிமிஷத்தில் எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்ல முடியாது. அவள் சொன்னது எனக்கும் பொருந்தும் என்பதுதான் அந்த வெறுப்பின் காரம். எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரிகூட இருக்கவில்லை.

பதிலை நான் எழுதினேன். சின்னக்காவுக்கு முதல் டிராஃப்ட்டை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. அத்தானைப் பற்றி எழுதினேன். கல்யாணத்துக்கு நாங்கள் யாழ்ப்பாணம் வந்திருந்தபோது அவர் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றியதை எழுதினேன். நாலு மணி ஆச்சு என்று சொன்னது உன் குற்றமில்லை என்று எழுதினேன். அதற்குக் கீழே உண்மையையும் எழுதினேன். போகாமல் நிற்கிற அந்த வண்டுக்குள் ஒரு பாகம் என் கிலாங்கில் செய்ததாக இருக்கலாம், அதற்குப் பணம் கேட்டு எழுதியவன் நான், உன் கடிதத்தில் படித்ததை வைத்துத்தான் எழுதினேன், என்னை நீ மன்னிக்க வேண்டாம். நாலு வரி.

பெரியக்கா படித்தாள். அந்த நாலு வரிக்கு வந்ததும் பேனாவை எடுத்தாள்.

“தெரியாதத எழுதாதே.”

“அக்கா.”

“இருக்கலாம்னு எழுதியிருக்க. சாவு வீட்டுக்குப் போற கடிதத்துல இருக்கலாம்னு எழுதுவாங்களா? அவ புருஷன தூக்கிக் குடுத்துட்டு உக்காந்திருக்கா. ஒன் பாரத்த எறக்கி வைக்க அவதான் கெடச்சாளா ஒனக்கு?”

அடித்தாள். நாலு வரியையும், அந்த விமான விண்ணப்பத்தில் அடித்ததுபோல ஒரே கோட்டில். அவள் சொன்னதில் நியாயம் இருந்ததா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. தாளைப் பிடுங்கி, அந்த வரிகளைத் திரும்ப எழுதி, நானே தபாலில் போட்டிருக்கலாம். தபால் நிலையம் எங்கள் பிளாட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நான் போடவில்லை. நாலு வரி இல்லாமல் சுத்தப் பிரதி எடுத்தேன், நல்ல கையெழுத்தில். கடிதம் நன்றாகவே வந்திருந்தது. சின்னக்காவின் கடிதத்தைப் பெரியக்கா அந்த முறை திருத்தவில்லை, உறையில் திருப்பி வைக்கவும் இல்லை. பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள்.

வேலையை விட்டேனா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். விடவில்லை. அந்த வருஷமே இன்னொரு நிதி விண்ணப்பம் எழுதினேன், கேமரா இருட்டிலும் பார்ப்பதற்கு. அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. எடுத்துப் போகத் தேவை இருக்கவில்லை, எனக்கே எழுத வந்துவிட்டது. அதற்கும் பணம் கிடைத்தது.

நாலு மாதம் கழித்துச் சின்னக்காவின் பதில் வந்தது. வாசிக்கச் சொல்லிப் பெரியக்கா கேட்கவில்லை, நானாகத்தான் வாசித்தேன்.

“தம்பி, இவ்வளவு வடிவான ஒரு கடிதம் எனக்கு ஒருத்தரும் எழுதினதில்லை. அத்தானின்ர படத்துக்குக் கீழ வச்சிருக்கிறன். அழுகை வரேக்க எடுத்து வாசிக்கிறனான். நீயாவது இந்த வண்டுச் சத்தம் கேக்காத இடத்தில நல்ல வேலையில இருக்கிறாய், அது எனக்குப் போதும். அக்காவிட்ட ஒண்டு கேள். என்ர கடிதம் இந்தமுறை திருத்தி வரேல்லை. நாலு மணி எண்டு நான் சொன்னதுக்கு அக்காவுக்கு என்னில கோவமோ?”

பெரியக்கா எழுந்து போய் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். அத்தான் செத்துப்போனார் என்று தொடங்கும் தாளை எடுத்து மேசைமேல் நீவி வைத்து, சிவப்புப் பேனாவைத் திறந்தாள். முதல் வரியிலிருந்து திருத்தத் தொடங்கினாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே திருத்தினாள். எங்கட நேரம் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

“இத நீ பாரு,” என்றாள்.

வாங்கிக்கொண்டேன். அந்த இரண்டு வார்த்தைக்கு மேலே பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. கடைசியில் ஒன்றும் எழுதாமல் மூடினேன். தாளை அப்படியே மடித்து உறைக்குள் வைத்து, திங்கட்கிழமை காலை கிலாங்குக்குப் போகிற வழியில் தபாலில் போட்டேன்.